அணைத்த சுற்றில் எடுத்த எண்

உயர் மின்னழுத்தக் கருவிகள் உள்ள பல ஆய்வகங்களின் பாதுகாப்புக் கோப்பில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற ஒரு வரி இருக்கும்: கருவியின் பெயர், இயங்கு மின்னழுத்தம், மின்தேக்குத்திறன், அளந்த நாள், கையொப்பம், ‘திருப்தி’. மின்தேக்குத்திறன் என்ற அந்தக் கட்டத்தில் உள்ள எண் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்பவர் அரிது. கேட்டால் கிடைக்கும் விடை எளியது. மின்வழங்கல் துண்டிக்கப்பட்டது, கேபிள் கழற்றப்பட்டது, கையடக்க எல்.சி.ஆர். மீட்டர் ஒன்று வெளியீட்டு முனைகளில் வைக்கப்பட்டது, திரையில் தெரிந்த எண் படிவத்தில் எழுதப்பட்டது. அந்த மீட்டர் சுற்றுக்குள் செலுத்தியது ஏறத்தாழ 1 வோல்ட். கருவி இயங்குவதோ 10,000 வோல்ட்டில்.

1 வோல்ட்டிடம் கேட்டறிந்த விடையை 10,000 வோல்ட்டின் பாதுகாப்புக்குச் சான்றாக எழுதுவது அளவீடு ஆகாது. அது ஓர் எழுத்தர் பணி. நிர்வாகம் இதனை ஏற்பதில் வியப்பில்லை; நிர்வாகத்துக்குக் கோப்பு நிறைந்தால் போதும். ஆனால் அளவீட்டுப் பிழையைப் பற்றி ஆய்வேட்டில் ஓர் அதிகாரமே எழுதும் துறைகள், தம் மாணவரின் உயிர் சார்ந்த அளவீட்டில் மட்டும் இந்த அலட்சியத்தை ஏற்றுக்கொண்டிருப்பது கல்விப்புலத்தின் குற்றமே.

மின்தேக்கியின் ஆபத்து புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1745-46-இல் லேய்டன் குடுவை தோன்றியபோதே அதைக் கையாண்டவர்கள் அதன் அதிர்ச்சியைப் பட்டறிந்தனர். 1750 டிசம்பரில் பெஞ்சமின் பிராங்கிளின் இரண்டு பெரிய குடுவைகளில் தேக்கிய மின்னூட்டத்தால் வான்கோழி ஒன்றைக் கொல்ல முயன்று, கவனக்குறைவால் தாமே அதன் அடியை வாங்கி நினைவிழந்தார். மின்னியலின் முன்னோடிகளில் ஒருவருக்கே நேர்ந்த இந்த விபத்தின் பாடம் தெளிவானது: மின்வழங்கலை நிறுத்துவதும் மின்சாரத்தை நீக்குவதும் ஒன்றல்ல. சுவிட்சை அணைத்த பிறகும் சுற்று தன்னிடம் உள்ளதைத் தானாகத் தந்துவிடாது.

இந்தியச் சட்டம் இதனை அறியாததன்று. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், அவற்றின் இடத்தில் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், எந்தக் கடத்தியையும் கருவியையும் கையாளுமுன் அதனைப் புவியுடன் இணைத்தோ வேறு தகுந்த வழியிலோ மின்னிறக்கம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டன. 2010 ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாக 2023-இல் புதியவை வந்துள்ளன. ஆக, ஏழு பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட கடமை இது. குறை சட்டத்தில் இல்லை; சட்டம் கேட்ட செயலுக்குப் பதிலாக ஓர் எண்ணை எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற மனநிலையில் இருக்கிறது.

அந்த எண் ஏன் போதாது என்பதைக் கணக்கோடு பார்க்க வேண்டும். ஆய்வகக் கருவிகளின் மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61010-1 தரநிலை, தொடக்கூடிய பகுதியில் தேங்கியிருக்கத்தக்க மின்னூட்டத்துக்கு எல்லை வகுக்கிறது: 15,000 வோல்ட் வரை 45 மைக்ரோகூலும், அதற்கு மேல் 350 மில்லிஜூல் ஆற்றல். இவ்விரண்டும் வெவ்வேறு எல்லைகள் போலத் தோன்றினும் ஒன்றோடொன்று பொருந்துபவை. 15,000 வோல்ட்டில் 45 மைக்ரோகூலும் என்பது 3 நானோஃபாரட். அதன் ஆற்றல் ஏறத்தாழ 340 மில்லிஜூல். இங்கே கவனிக்க வேண்டியது, தரநிலை கேட்பது மின்னூட்டத்தையும் ஆற்றலையும் என்பதே. மின்தேக்குத்திறன் அவற்றை அடைவதற்கான ஓர் இடைப்படி மட்டுமே. அந்த இடைப்படியையே முடிவாக எழுதிவிடும்போது பிழை தொடங்குகிறது.

3 நானோஃபாரட் என்பது எவ்வளவு? ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கொண்ட கோஆக்சியல் கேபிளில் 30 மீட்டர். அதாவது, மின்தேக்கி என்று எந்த உறுப்பும் இல்லாத நிலையிலும், சுவரோரம் சுருட்டிக் கிடக்கும் உயர் மின்னழுத்தக் கேபிள் மட்டுமே அந்த எல்லையை எட்டிவிடும். கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுக் கருவியை மட்டும் அளப்பவர், ஆபத்தின் ஒரு பகுதியைத் தரையில் போட்டுவிட்டு எஞ்சியதை அளக்கிறார்.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. 1932-இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் அணுக்கருவைப் பிளக்கப் பயன்படுத்திய மின்னழுத்தப் பெருக்கிச் சுற்று இன்று பல உயர் மின்னழுத்த வழங்கிகளுக்குள் இருக்கிறது. அதில் மின்தேக்கிகள் இரண்டு வரிசைகளாக நிற்கின்றன, இடையே டையோடுகள். வெளியீட்டு முனையில் வைத்த எல்.சி.ஆர். மீட்டருக்கு வெளியீட்டு வரிசை மட்டுமே தெரியும். மற்றொரு வரிசை டையோடுகளுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. 1 வோல்ட் சமிக்ஞையால் அந்த டையோடுகளைத் திறக்க இயலாது. ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும்போது ஒருவரின் கை வெளியீட்டைத் தொட்டால் டையோடுகள் தாமே திறந்துகொள்ளும்; மறைந்திருந்த வரிசையும் தன் மின்னூட்டத்தை அந்தக் கை வழியே அனுப்பும். மீட்டர் கண்டது பாதிச் சுற்று. கை சந்திப்பது முழுச் சுற்று.

மூன்றாவது குறை அளவீட்டுக் கருவியின் தலையீடு. சில ஆய்வகங்கள் ஒரு படி மேலே சென்று, அணைத்த பிறகு எஞ்சும் மின்னழுத்தத்தை உயர் மின்னழுத்தப் புரோப் கொண்டு நேரடியாக அளக்கின்றன. நல்ல முயற்சியே. ஆனால் அந்தப் புரோப்பின் உள்தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அதுவே மிகப் பெரிய பொய்யைச் சொல்லும். 10,000 வோல்ட்டில் இயங்கும் ஒரு சுற்றில் 10 நானோஃபாரட் மின்தேக்குத்திறனும், மின்னூட்டத்தை வடிப்பதற்கான 1 கிகாஓம் பிளீடர் மின்தடையும் உள்ளன எனக் கொள்வோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதன் காலமாறிலி 10 விநாடி. 100 மெகாஓம் புரோப் இணைக்கப்பட்டதும் மொத்தத் தடை 91 மெகாஓமாகச் சுருங்குகிறது, காலமாறிலி 0.91 விநாடி. அணைத்து 5 விநாடி கழித்துப் புரோப் காட்டுவது ஏறத்தாழ 41 வோல்ட். படிவத்தில் ‘திருப்தி’ விழும். புரோப் இல்லாத அதே சுற்றில் அதே 5 விநாடி கழித்து இருப்பது 6,000 வோல்ட்டுக்கு மேல். மின்னூட்டம் 60 மைக்ரோகூலும், அதாவது எல்லையைத் தாண்டியது. புரோப் தான் அளக்க வந்த ஆபத்தைத் தானே வடித்துவிட்டு, ஆபத்தில்லை என்று சான்று தருகிறது. மறுநாள் புரோப் இல்லாமல் அந்த முனையைத் தொடப்போகும் மாணவருக்கு இந்தச் சான்று எந்த வகையிலும் பொருந்தாது.

குறைந்த மின்னழுத்தம், பெரிய மின்தேக்கி என்ற மறுகோடியிலும் கதை வேறன்று. மின்சார வாகன ஆய்வுகளும் சூரிய மின்சக்தி ஆய்வுகளும் பெருகியபின், 800 வோல்ட் நேர்மின் இணைப்பு கொண்ட சுற்றுகள் பல துறைகளின் மேசைகளில் உள்ளன. 1,100 மைக்ரோஃபாரட், 800 வோல்ட் என்றால் தேங்கும் ஆற்றல் 352 ஜூல். 100 கிலோஓம் பிளீடர் வைத்தால் காலமாறிலி 110 விநாடி. 60 வோல்ட்டுக்கு இறங்க 285 விநாடி ஆகும். ஆகவே ‘5 நிமிடம் காத்திருக்கவும்’ என்று ஒட்டுச்சீட்டு ஒட்டப்படுகிறது. கணக்கு சரிதான், பெயர்ப்பலகை மதிப்பு சரியாக இருந்தால். மின்னாற்பகுப்புத் தேக்கிகளுக்கு 20 விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பது ஏற்கப்பட்ட அளவு. உண்மை மதிப்பு 1,320 மைக்ரோஃபாரட் ஆனால் 60 வோல்ட்டை எட்ட 342 விநாடி வேண்டும். ஒட்டுச்சீட்டை நம்பி 300-ஆவது விநாடியில் கைவைப்பவர் சந்திப்பது 82 வோல்ட். பிளீடர் மின்தடை ஒன்று எரிந்து அறுந்திருந்தால் 5 நிமிடமும் பொருளற்றது, 50 நிமிடமும் பொருளற்றது. ஒட்டுச்சீட்டுக்கு இவை எதுவும் தெரியாது. அளந்தால்தான் தெரியும், அதுவும் ஒருமுறை அளந்தால் போதாது.

இவ்வளவுக்கும் மேல், மின்காப்புப் பொருளுக்கு நினைவாற்றல் உண்டு. நெடுநேரம் மின்னேற்றப்பட்ட தேக்கியை ஒருகணம் குறுக்கிணைத்து விட்டுவிட்டால், காப்புப் பொருளுக்குள் மெதுவாக முனைவாக்கம் பெற்றிருந்த பகுதி மெதுவாகவே தளர்ந்து, முனைகளில் மின்னழுத்தத்தை மீண்டும் எழுப்பும். கிடங்குகளில் பெரிய தேக்கிகளின் முனைகளைக் கம்பியால் இணைத்தே வைப்பதற்குக் காரணம் இதுதான். டிஸ்சார்ஜ் ராடை ஒருமுறை தட்டி எடுத்துவிட்டு ‘முடிந்தது’ என்பவர் இந்த மீளெழுச்சியைக் கணக்கில் கொள்வதில்லை. எல்.சி.ஆர். மீட்டரின் எண்ணிலும் இது இடம்பெறுவதில்லை.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வழக்கமாக எழுகின்றன. மூன்றும் மறுமொழிக்குரியவை.

முதல் வாதம்: குறைந்த மின்னழுத்தத்தில் எடுத்த அளவு பாதுகாப்பான பக்கமே சாயும் என்பது. இதில் உண்மை உண்டு. எக்ஸ்7ஆர் போன்ற செராமிக் தேக்கிகள் மின்னழுத்தம் ஏற ஏறத் தம் மின்தேக்குத்திறனை இழக்கின்றன. சில வேளைகளில் பாதிக்கு மேல். ஆகவே 1 வோல்ட்டில் எடுத்த எண்ணைக் கொண்டு கணக்கிட்ட மின்னூட்டம் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் இந்த வாதம் தனியொரு தேக்கிக்குப் பொருந்துமேயன்றிச் சுற்றுக்குப் பொருந்தாது. டையோடுக்குப் பின்னால் உள்ளது, திறந்த ரிலே தொடுமுனைக்கு அப்பால் உள்ளது, கழற்றி வைத்த கேபிளில் உள்ளது ஆகிய எதுவும் மீட்டரின் கண்ணில் படவே இல்லை. காணாததை மிகைப்படுத்திக் காட்ட எந்தக் கருவியாலும் இயலாது. உறுப்பைப் பற்றிய உண்மையைச் சுற்றைப் பற்றிய உண்மையாக நீட்டுவது தர்க்கப் பிழை. அதை முதலாண்டு மாணவர் செய்தால் மதிப்பெண் குறையும்.

இரண்டாம் வாதம்: இயங்கு மின்னழுத்தத்தில் அளப்பது செலவு மிக்கது, ஆபத்தும்கூட என்பது. செலவுக் கணக்கு நிற்காது. தேவைப்படுபவை மதிப்பு தெரிந்த, உரிய ஆற்றலையும் மின்னழுத்தத்தையும் தாங்கும் மின்தடை ஒன்று, தொலைவிலிருந்து இயக்கத்தக்க இணைப்பி ஒன்று, அலைவடிவைப் பதியும் ஆஸிலோஸ்கோப் ஒன்று. உயர் மின்னழுத்த ஆய்வு செய்யும் துறையில் மூன்றாவது ஏற்கெனவே இருக்கும். சுற்றை இயங்கு மின்னழுத்தத்துக்கு ஏற்றி, வழங்கலைத் துண்டித்து, தெரிந்த மின்தடை வழியே மின்னிறக்கம் செய்து, மின்னழுத்தம் காலத்தோடு இறங்குவதைப் பதிந்தால் போதும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்துத் தொகையிட்டால் மின்னூட்டம். மின்னழுத்தத்தின் இருபடியை மின்தடையால் வகுத்துத் தொகையிட்டால் ஆற்றல். டையோடுக்குப் பின்னால் இருப்பதும் கேபிளில் இருப்பதும் இந்தத் தொகையில் தாமாக வந்து சேரும். பிளீடரும் புரோப்பும் சரியாக உள்ளனவா என்பதை அறிய, புரோப்பைத் தொடக்கம் முதல் இணைத்து ஒருமுறையும், குறித்த விநாடியில் மட்டும் இணைத்து ஒருமுறையும் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடே புரோப் செய்த தலையீடு. ஆபத்து என்ற பகுதியைப் பொறுத்தவரை, ஓர் அளவீட்டைத் தொலைவிலிருந்து, திட்டமிட்டு, பயிற்சி பெற்றவர் முன்னிலையில் செய்வது ஆபத்து என்றால், அதே சுற்றைத் திட்டமின்றி ஒரு மாணவர் நாள்தோறும் கையால் தொடுவதை எந்தச் சொல்லால் குறிப்பது?

மூன்றாம் வாதம் பட்டறிவாளர்களுடையது: ‘எண் எதற்கு? எர்த் ராடைப் போட்டுவிட்டுத் தொட்டால் தீர்ந்தது’ என்பது. மூன்றில் மதிப்புக்குரியது இதுவே. குறுக்கிணைத்துப் புவியுடன் இணைக்காமல் எதையும் தொடக்கூடாது என்பது உண்மை. உட்பொதிந்த மின்னிறக்கச் சாதனம் அதற்கு மாற்றாகாது என்று மின்தேக்கித் தரநிலைகளும் சொல்கின்றன. ஆனால் 352 ஜூலை வெற்றுக் கம்பியால் குறுக்கிணைத்தால் தீப்பொறியும் உருகிய உலோகமும் முகத்தில் தெறிக்கும். எத்தகைய மின்தடை வழியே, எவ்வளவு நேரம் இறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க மின்னூட்டமும் ஆற்றலும் தெரிந்தாக வேண்டும். ராடு வேண்டுமா எண் வேண்டுமா என்பது பொய்யான தேர்வு. எண் இல்லாமல் சரியான ராடு இல்லை.

துணைமின் நிலையத்தில் வேலை செய்யும் வயர்மேன்களின் அறிவு இங்கே நினைக்கத்தக்கது. உயர் மின்னழுத்த மின்தேக்கிகளுக்கான ஐ.இ.சி. 60871-1, துண்டித்த 10 நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்கிறது. 1,000 வோல்ட் வரையிலானவற்றுக்கு ஐ.இ.சி. 60831-1 தரும் காலம் 3 நிமிடம். ஆயினும் தேர்ந்த வயர்மேன் ஒருவர் 10 நிமிடம் காத்திருந்தபின்னும் மின்தேக்கித் தொகுதியின் வரி முனைகளை மட்டும் புவியுடன் இணைத்துவிட்டுக் கைவைக்க மாட்டார். ஃபியூஸ் போன அலகு தொகுதியிலிருந்து பிரிந்து தனித்து நிற்கும். அதன் உள் மின்தடையும் பழுதாகியிருந்தால், வரியில் இட்ட எர்த் அதனை எட்டாது. ஆகவே ஒவ்வோர் அலகையும் தனித்தனியே குறுக்கிணைப்பார். வெளி முனையிலிருந்து பார்த்துச் சுற்றின் உள்நிலையை முடிவுசெய்யக் கூடாது என்ற அளவீட்டுக் கோட்பாட்டை அவர் கையால் அறிவார். பட்டங்கள் பெற்றவர்கள் படிவத்தில் மறப்பது அதையே.

இந்த மறதிக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. தரவரிசை மனப்பான்மையும் ஆகும். பல்கலைக்கழகத்தில் அளவீடு இரு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கட்டுரையில் இடம்பெறும் அளவீடு உயர்ந்தது. அதை ஆய்வாளர் செய்வார், பிழை எல்லை குறிப்பார், மறுபரிசோதனை செய்வார். கோப்பில் இடம்பெறும் அளவீடு தாழ்ந்தது. அதை ஆய்வக உதவியாளர் செய்வார், கையொப்பம் போதும். எலக்ட்ரோஸ்பின்னிங் கருவியில் உருவான நானோஇழையின் விட்டத்தைப் பத்து முறை அளக்கும் ஆய்வு, அந்த இழையை இழுத்த உயர் மின்னழுத்த வழங்கியின் எஞ்சிய மின்னூட்டத்தை ஒருமுறையும் அளப்பதில்லை. அந்தக் கருவியின் முன் நிற்பவர் பெரும்பாலும் மின்னியல் படித்தவரும் அல்லர். வேதியியல், துணியியல், பொருளறிவியல் மாணவர். அவருக்கு அந்தச் சாதனம் ஒரு பெட்டி, ஒரு திருகு, ஒரு திரை. அணைத்தால் அணைந்துவிடும் என்றே அவர் நம்புவார். அந்த நம்பிக்கையைத் திருத்த வேண்டிய கோப்பு, ‘திருப்தி’ என்று அதனை உறுதிப்படுத்துகிறது.

விபத்து நேரும்போது இந்தப் பிரிவினையின் முழுப் பொருளும் வெளிப்படும். கோப்பில் எண் இருக்கும், எல்லைக்குள் இருக்கும், கையொப்பம் இருக்கும். ஆகவே நிறுவனம் தன் கடமையைச் செய்துவிட்டது. தவறு ‘மாணவரின் கவனக்குறைவு’ அல்லது ‘ஒப்பந்தப் பணியாளரின் கவனக்குறைவு’. பொய்யான அளவீட்டால் உண்மையில் பயன் பெறுபவர் இங்கேதான் தெரிகிறார். அது தொடுபவரைக் காப்பதற்காக எடுக்கப்பட்ட எண் அன்று. கையொப்பமிட்டவரைக் காப்பதற்காக எடுக்கப்பட்டது. பாதுகாப்புச் சான்று என்பது பொறுப்புத் துறப்புச் சான்றாக மாறிவிட்டது.

இதை மாற்றப் புதிய சட்டம் வேண்டியதில்லை. துறைக்குழுக் கூட்டம் ஒன்றே போதும். படிவத்தில் ‘மின்தேக்குத்திறன்’ என்ற ஒற்றைக் கட்டத்தை நீக்கி, இயங்கு மின்னழுத்தத்தில் அளந்த மின்னூட்டம், ஆற்றல், அளந்த முறை, அளந்த கருவியின் உள்தடை, கேபிள் இணைந்திருந்ததா இல்லையா, குறுக்கிணைத்து விட்டபின் 10 நிமிடத்தில் மீண்டெழுந்த மின்னழுத்தம் ஆகியவற்றுக்கு இடம் தர வேண்டும். பிளீடர் மின்தடைகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை தனித்தனியே அளக்கப்பட வேண்டும். உயர் மின்னழுத்தச் சுற்றைப் பயன்படுத்தும் ஆய்வேடு எதுவாயினும், அதன் செய்முறை அதிகாரத்தில் மின்னிறக்க அளவீடு ஒரு பக்கமாவது இடம்பெற வேண்டும். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றிக் கேள்வி எழ வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஐ.இ.சி. தரநிலைகள் நூலகத்தில் மாணவர் கைக்கு எட்ட வேண்டும். தான் எந்த எல்லைக்கு உட்பட்டு வேலை செய்கிறோம் என்பதை அறியாத ஒருவரிடம் இணக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. இந்த அளவீட்டைச் செய்யும் ஆய்வக உதவியாளரின் பெயர், கருவியைப் பராமரித்தவர் என்ற முறையில் அல்லாமல் அளவீட்டாளர் என்ற முறையில் பதிவாக வேண்டும்.

இவை நடக்கும்வரை, ஒவ்வொரு துறையிலும் ஒருவராவது கோப்பைத் திறந்து அந்தப் பழைய வரியைக் காட்டி ஒரு கேள்வியைக் கேட்க இயலும்: இந்த எண் எத்தனை வோல்ட்டில் எடுக்கப்பட்டது? விடை ‘1 வோல்ட்’ என்றால், அந்த வரிக்கு எதிரே உள்ள ‘திருப்தி’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘அளக்கப்படவில்லை’ என்று எழுத வேண்டும். அந்தத் திருத்தத்துக்குக் கீழே கையொப்பமிடத் துறைத்தலைவருக்கு மனம் வராவிட்டால், அந்தக் கருவி அதுவரை பூட்டியே இருக்கட்டும்.